குடும்பநல ஆலோசகர் பயிற்சியும் குழு மேற்பார்வையும்

பயிற்சி பெறும் குடும்பநல ஆலோசகர்கள் சிலர் மூத்தவர் ஒருவருடன் அமர்ந்து, தாம் சந்தித்த தம்பதியரைப் பற்றிப் பேசி ஆராய்வது குழு மேற்பார்வை எனப்படும். இம்முறை வளர்ந்த இடங்களுள் இலண்டன் முக்கியமானது. போருக்குப் பின் மணமுறிவுகள் பெருகியிருந்த காலத்தில், 1948இல், அங்கே குடும்பக் கலந்துரையாடல் மையம் தோன்றியது. அதன் பணியாளர்களுக்கு ஹங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் குழுவாகப் பயிற்சி அளித்தார். கணவர் மீது ஆலோசகருக்கே கோபம் வந்தால் அதையும் குழுவில் சொல்ல வேண்டும். மறைப்பவர் தம்மை அறியாமலே மனைவியின் வழக்கறிஞர் ஆகிவிடுவார். கெடுவதோ இன்னொருவர் குடும்பம். பின்னர் இதே முறையை மருத்துவர்களிடம் கொண்டுசென்றதால் ‘பாலிண்ட் குழு’ என்ற பெயர் மருத்துவத்தில் நிலைத்தது. முதலில் பயின்ற குடும்ப ஆலோசகர்களைப் பலரும் மறந்துவிட்டனர்.

இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களுக்கு இடமளித்தது. ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிக்கு அருகில் இத்துறைக்குப் பெயர்பெற்றது பெங்களூரு நிம்ஹான்ஸ். ஓசூர் சாலையிலேயே அமைந்த அந்நிறுவனத்தில் குடும்ப உளமருத்துவத்துக்குத் தனி மையம் உண்டு.

ஓசூர் வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். மாமியார் சொன்ன ஒரு தெலுங்குச் சொல் வசையா, உரிமைப் பேச்சா என்று தமிழ் மட்டும் அறிந்த பயிற்சி ஆலோசகர் தடுமாறினால், குழுவில் தெலுங்கு அறிந்தவர் விளக்கிவிடலாம்.