இரு வமிசாவளிகள்

ஒரு குடும்பத்தின் தொன்மையை அறிய முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது அக்குடும்பத்தார் தம்மைப் பற்றிக் கூறிக்கொள்ளும் பெருமையே. அதனை அவ்வாறே ஏற்பதா, ஏடுகளைக் கொண்டு உரைத்துப் பார்ப்பதா என்பது வரலாறு கற்போர் முன்னுள்ள வினா. இவ்வினாவுக்குத் தக்கதோர் விடையை இங்கிலாந்தின் பேஸ்டன் குடும்பத்தாரின் வரலாற்றில் நாம் காண்கின்றோம்.

நிலமுடையோரைப் பற்றி இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஊர் ஏடுகள் ஏராளம். 'மேனர்' எனப்படும் பண்ணைக்கு ஒரு மன்றம் இருந்தது. குடியானவன் ஒருவன் இறந்தால் அவனுடைய நிலத்தை ஏற்றவன் யார் என்பதை அம்மன்றம் சுருளேட்டில் பதிந்து வைத்தது. அரசனிடமிருந்து நேரே நிலம் பெற்றவர் இறப்பின், நிலம் எவ்வளவு, வாரிசு யார், அவருக்கு வயது என்ன என்று அரசு அலுவலர் விசாரித்து எழுதினர். 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை இவ்வழக்கம் நிலவியது. மரண சாசனங்களைத் திருச்சபை மன்றங்கள் காத்து வந்தன. 1538 முதல் ஊர்க் கோயில்தோறும் திருமுழுக்கும் மணமும் அடக்கமும் பதிவாயின. பேஸ்டன் குடும்பத்தின் தொடக்கமோ இக்கோயிற் பதிவேடுகளுக்கும் முற்பட்டது. அதனை அறிய வேறு ஏடுகளையே நாட வேண்டும்.

பேஸ்டன் என்பது நார்ஃபோக் மாவட்டத்தின் வடகீழ்க் கடற்கரையை அடுத்த ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்ட இக்குடும்பத்தார், 15ஆம் நூற்றாண்டில் பல பண்ணைகளுக்கு உரியவராயினர். இவர்களுடைய தோற்றத்தைப் பற்றி ஒன்றையொன்று மறுக்கும் இரு ஏடுகள் உள்ளன.

முதலாவது, பகைவன் ஒருவன் எழுதியது. க்ளெமெண்ட் பேஸ்டன் என்பவன் வெறும் உழவன் என்கிறது அது. அவனுக்கு இருந்தது நூறு, மிஞ்சினால் நூற்றிருபது ஏக்கர்; அதிலும் பெரும்பகுதி பண்ணையடிமைக்குரிய நிலம். சேணமில்லாக் குதிரையின் மீது தானிய மூட்டையைப் போட்டு, அதன்மேல் தானும் அமர்ந்து ஆலைக்குச் சென்று, மாவுடன் திரும்புவான். அவன் மனைவியும் அடிமைக் குலத்தவள். தன் மகன் வில்லியமைப் பள்ளியில் படிக்க வைக்க அவன் அடிக்கடி கடன் வாங்கினான். பின்னர் மைத்துனனின் உதவியால் அம்மகன் சட்டம் பயின்றான். இவ்வளவும் அவ்வேடு இகழ்ச்சியாகக் கூறுவன.

இரண்டாவது, 1466ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்டு மன்னர் வழங்கிய சான்று. பேஸ்டன்கள் தொன்றுதொட்டே உயர்குலத்தினர் என்றும், பிரான்சு நாட்டிலிருந்து வந்த வுல்ஸ்டன் என்பவரே அவர்களின் மூதாதை என்றும் அது ஏற்றுக்கொண்டது.

குலத்தைப் பற்றி ஏன் இத்துணைப் பூசல்? அக்காலச் சட்டப்படி பண்ணையடிமையின் உடைமை அவனுடைய ஆண்டைக்கே உரியது. ஆகவே 'நீ அடிமை வழியினன்' என்ற ஒரு சொல், ஒருவனின் நிலம் முழுவதையும் பறிக்க வல்லது. சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்னும் பெருஞ்செல்வர் 1459இல் மகப்பேறின்றி இறந்தார். இறப்பதற்கு இரு நாட்களுக்கு முன் அவர் கெய்ஸ்டர் கோட்டையையும் நிலங்களையும் ஜான் பேஸ்டனுக்கு அளித்ததாக ஒரு சாசனம் காட்டப்பட்டது. ஜான், நீதிபதி வில்லியமின் மகன். பலர் அச்சாசனத்தை எதிர்த்தனர்; ஜான் லண்டன் ஃபிளீட் சிறையிலும் அடைபட்டார். 1466 மே மாதம் அவர் இறந்தார். அரசரின் சான்று அதே ஆண்டு ஜூலையில் அவருடைய மக்களுக்குக் கிட்டியது. வமிசாவளி அவர்களுக்கு வெறும் அலங்காரமன்று. அது நிலத்தைக் காக்கும் கேடயம்.

இனி, இவ்விரண்டில் எதை நம்புவது? சொல்பவன் யார், அவன் நாடுவது என்ன, அவன் கூற்றை வேறு சான்று தாங்குகின்றதா என்று வினவுதல் நம் கடமை. பகைவனுக்கு இழிவுபடுத்தும் நோக்கம் உண்டு. குடும்பத்தார்க்கு உயர்த்திக்கொள்ளும் நோக்கம் உண்டு. எனவே இருவரையும் சோதித்தே ஆக வேண்டும். பிரான்சிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் வுல்ஸ்டனின் பெயரோ பழைய ஆங்கிலப் பெயர்! 1419இல் இறந்த க்ளெமெண்டின் மரண சாசனம் பெருநிலக்கிழார் ஒருவரின் சாசனமாக இல்லை. ஆய்வாளர் பலர் பகைவனின் ஏட்டையே பெரிதும் உண்மையெனக் கொள்வர்.

ஆனால் அவன் இகழ்ச்சியாக எழுதியதை நாம் இன்று எவ்வாறு படிக்கின்றோம்? கடன் பட்டேனும் மகனைக் கற்பித்த ஓர் உழவனை அங்கே காண்கின்றோம். அம்மகன் 1429இல் அரசரின் பொது வழக்கு மன்றத்து நீதிபதியானார்; 1444இல் இறக்கும்போது பல பண்ணைகளைத் தம் மக்களுக்கு விட்டுச் சென்றார். குடும்பத்தை உயர்த்தியது வுல்ஸ்டனின் குருதியன்று, க்ளெமெண்ட் வாங்கிய கடன்!

அதன்பின் நிகழ்ந்தவை சுருக்கமானவை. 1469இல் நார்ஃபோக் கோமகன் கெய்ஸ்டரை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். 1476இல் அது மீண்டது. 1679இல் குடும்பம் யார்மத் பிரபு என்னும் பட்டம் பெற்றது. 1732இல் இரண்டாம் பிரபு கடனாளியாகவும் ஆண் வாரிசின்றியும் இறக்க, பட்டமும் மறைந்தது. ஆக்ஸ்னெட் மாளிகையில் கிடந்த அவர்களின் கடிதங்களைப் பின்னர் நார்ஃபோக் வரலாறு எழுதிய பிரான்சிஸ் புளோம்ஃபீல்டு 1735இல் பார்வையிட்டார். பல கை மாறிய அவற்றை ஜான் ஃபென் 1787 முதல் அச்சிட்டார். மூலங்கள் காணாமற்போகவே, 1865இல் அவை பொய்யோ என்ற ஐயமும் எழுந்தது. அதே ஆண்டில் ஒரு பகுதி அகப்பட்டது; 1889க்குள் எஞ்சியவற்றிலும் பெரும்பாலானவை வெளிவந்தன. இன்று அவற்றுள் மிகுதியானவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

ஒன்று மட்டும் கூறி முடிப்போம். 1606ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் சர் வில்லியம் பேஸ்டன், வடக்கு வால்ஷாம் என்னும் ஊரில் ஒரு பள்ளியை நிறுவினார். பிற்காலத்தில் கடற்படைத் தலைவர் நெல்சனும் அங்கே பயின்றார். கெய்ஸ்டர் கோட்டை இன்று இடிபாடு. பிரபுப் பட்டம் மறைந்தது. வுல்ஸ்டனை எவரும் நினைப்பதில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த உழவனின் வழியினர் ஊராருக்குப் பள்ளி கண்ட செய்தியோ நிலைத்திருக்கின்றது. முன்னோரைத் தேடுவோர் பட்டங்களைத் தேடுவதை விடுத்து இத்தகைய செயல்களைத் தேடுவார்களாயின், மறைக்க வேண்டிய மூதாதை எவரும் இலர் என்பதை அறிவர்.