ஒரே கணினியில் தமிழ் ஏன் ஒவ்வோர் அளவில் தெரிகிறது? எழுத்துருச் சிக்கலைச் சரிசெய்யும் வழிகள்

வெள்ளவத்தை, காலி வீதியில் உள்ள ஒரு போட்டோகொபிக் கடையில் என் முறைக்காகக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் வன்னியிலிருந்து வந்த ஒரு அம்மா. அவருடைய கையில் ஒரு பென் டிரைவ். காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றிச் சில வருடங்களுக்கு முன்னர் ஆணைக்குழு ஒன்றுக்குக் கொடுத்த முறைப்பாடு அதில் இருந்தது. அதைத் திரும்பவும் பிறின்ற் எடுக்க வேண்டும். கடைத் தம்பி கோப்பைத் திறந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

"கோப்பு பழுதாப் போச்சு அம்மா. திருப்பித்தான் ரைப் பண்ண வேணும். நீங்கள் சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்."

"அப்ப சொன்ன நாள், நேரம் எல்லாம் இப்ப எனக்கு வடிவா ஞாபகம் இல்லைத் தம்பி. அதில இருக்கிறதுதான் சரி."

கோப்பு பழுதாகவில்லை. பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இருக்கவில்லை, அவ்வளவுதான். அதை நிறுவியதும் இரண்டு பக்க முறைப்பாடும் அப்படியே வந்தது. அதன் பிறகு இன்னொரு சிக்கல். அவருடைய உறவினரின் மடிக்கணினியில் அதே கோப்பு வேறு அளவில் தெரிந்தது. புதிதாகச் சேர்த்த பந்தி பெரிதாகவும், பழையது சிறிதாகவும் இருந்தன. இரண்டு பக்கம் மூன்று பக்கமானது.

இதைச் சிறிய விடயம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் எங்களிடம் உள்ள மரண அத்தாட்சி விண்ணப்பங்கள், காணி உறுதி தொடர்பான கடிதங்கள், காணாமல் போனோர் பற்றிய முறைப்பாடுகள், முகாமில் இருந்தபோது எழுதிய மனுக்கள் எனப் பெருந்தொகையானவை இப்படியான கோப்புகளாகத்தான் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கவும், சரியான அளவில் வாசிக்கவும், மாற்றமில்லாமல் அச்சிடவும் தெரிந்திருப்பது அவசியம்.

பாமினியும் யூனிகோடும்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கணினியைப் பொறுத்தவரை தமிழ் என்று ஒன்றே இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கிறது. சிறிய 'எம்' விசையை அழுத்தினால் 'அ' தெரியும். 'அம்மா' என்ற சொல் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமிக்கப்படுகிறது. பாமினி இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும்.

யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு எண் உண்டு. 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துருவுடன் தமிழ் ஆதரவு வந்தது. இலங்கையில் தமிழ் எழுத்துக் குறிமுறைக்கும் விசைப்பலகைக்குமான தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 1326, 2008ஆம் ஆண்டுக்குரியது. ஆனாலும் அச்சகங்களிலும் ரைப்செற்றிங் கடைகளிலும் பாமினி இன்றும் ஓயவில்லை. ஆகவே ஒரே கணினியில் இரண்டு உலகங்களும் சேர்ந்து கிடக்கின்றன. அளவுக் குழப்பத்தின் முதற் காரணம் இது.

எல்லா 12உம் ஒரே 12 அல்ல

எழுத்தின் அளவைப் பொயின்ற்றில் சொல்கிறோம். ஒரு அங்குலத்தில் 72 பொயின்ற்கள். ஆனால் 12 பொயின்ற் என்பது எழுத்தின் உயரம் அல்ல. எழுத்து வரையப்படும் கற்பனைப் பெட்டியின் உயரம். அந்தப் பெட்டிக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பதை எழுத்துருவை உருவாக்கியவரே தீர்மானிக்கிறார். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர, ஊகாரக் குறிகளும் வருவதால் சிலர் எழுத்தை ஒடுக்கி வரைவார்கள். சிலர் அகட்டி வரைவார்கள்.

ஒரே வரியை லதாவில் 12 என்றும், விஜயாவில் 12 என்றும் ரைப் செய்து பாருங்கள். லதா அகன்று நிற்கும். விஜயா அதற்குப் பக்கத்தில் சிறுத்துத் தெரியும். இரண்டுமே விண்டோஸுடன் வந்தவைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பல மென்பொருள்கள் தமிழுக்கென்று எழுத்துருவைக் கேட்பதில்லை. அவை கேட்கும் ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லாதபோது, கையில் கிடைக்கும் வேறொன்றை எடுத்துக் கொள்கின்றன. அதனால்தான் மின்னஞ்சலில் ஒரு அளவு, கோப்புப் பெயரில் இன்னொரு அளவு, உலாவியில் வேறொரு அளவு.

முதலில் திரையைச் சரிசெய்யுங்கள்

ஒவ்வொரு மென்பொருளாகத் திறந்து அளவை மாற்றுவதில் பயனில்லை. அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஒழுங்கு இதுதான்.

1. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே பகுதிக்குப் போங்கள். 'ரெசலூஷன்' என்பதில் பரிந்துரைக்கப்பட்ட அளவையே விடுங்கள். எழுத்துப் பெரிதாக வேண்டும் என்று அதைக் குறைத்தால் எல்லாமே மங்கலாகும்.

2. அதே பக்கத்தில் உள்ள 'ஸ்கேல்' அளவைப் பாருங்கள். 100 சதவீதத்தில் 12 பொயின்ற் எழுத்துக்குத் திரையில் 16 புள்ளிகள். 125 சதவீதத்தில் 20. 150இல் 24. சிறிய மடிக்கணினித் திரைக்குப் பெரும்பாலும் 125 அல்லது 150 பொருந்தும்.

3. எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமானால், 'அக்ஸசிபிலிற்றி' பகுதியில் 'ரெக்ஸ்ட் சைஸ்' என்ற நகர்த்தி உண்டு. விண்டோஸ் 10இல் அந்தப் பகுதியின் பெயர் 'ஈஸ் ஒஃப் அக்ஸஸ்'. 100 முதல் 225 சதவீதம் வரை கூட்டலாம். கண் பார்வை குறைந்த பெற்றோரின் கணினியில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

4. வெளியே போய்த் திரும்ப உள்நுழையுங்கள். சில மென்பொருள்கள் அதன் பிறகே புதிய அளவை ஏற்கும்.

இதற்குப் பிறகும் அடங்காதவை பழைய மென்பொருள்கள். கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் கல்யாண அட்டைகளையும் நினைவு மலர்களையும் இன்றும் பேஜ்மேக்கரில்தான் செய்கிறார். அது யூனிகோடை அறியாத மென்பொருள். ஆகவே பாமினியை விடவும் முடியாது. புதிய மடிக்கணினியில் அதன் பட்டியல்கள் எறும்பளவில் தெரிந்தன. இப்படியானவற்றுக்கு, மென்பொருளின் குறும்படத்தில் வலது சொடுக்கு, 'புரொப்பட்டீஸ்', 'கொம்பற்றிபிலிற்றி', பிறகு 'சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ்' என்று போக வேண்டும். அங்கே அளவிடும் பொறுப்பை 'சிஸ்டம்' அல்லது 'சிஸ்டம் என்ஹான்ஸ்ட்' என்று மாற்றினால் விண்டோஸே அதைப் பெரிதாக்கிக் காட்டும். சற்று மங்கலாகலாம். ஆனால் வாசிக்க முடியும்.

உலாவியும் மின்னஞ்சலும்

குரோம், பயர்பொக்ஸ் இரண்டிலும் கொன்ட்ரோல் விசையுடன் பூச்சியத்தை அழுத்தினால், அந்தத் தளத்துக்கு நீங்கள் தெரியாமல் மாற்றிய உருப்பெருக்கம் பழைய நிலைக்கு வரும். முதலில் அதைச் செய்துவிட்டே மற்றதைத் தொடுங்கள்.

பயர்பொக்ஸில் ஒரு நல்ல வசதி உண்டு. செட்டிங்ஸில் எழுத்துருப் பகுதியின் 'அட்வான்ஸ்ட்' பொத்தானை அழுத்தினால், மொழிப் பட்டியலில் தமிழைத் தனியாகத் தெரிந்து, அதற்கு மட்டும் எழுத்துருவையும் அளவையும் ஆகக் குறைந்த அளவையும் கொடுக்கலாம். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளிலும் இதே ஏற்பாடு. குரோமில் 'அப்பியரன்ஸ்', 'கஸ்ரமைஸ் பொன்ட்ஸ்' என்ற இடத்தில் ஆகக் குறைந்த அளவைக் கூட்டலாம். அது எல்லா மொழிக்கும் பொதுவானது.

வேர்டில் இருக்கும் இரண்டாவது அளவு

பலர் அறியாத இடம் இது. வேர்ட் மென்பொருள் யூனிகோட் தமிழைச் 'சிக்கலான எழுத்துமுறை' என்ற வகையில் வைக்கிறது. அதற்கு ஆங்கிலத்திலிருந்து வேறான எழுத்துருவும் அளவும் உண்டு. கொன்ட்ரோலுடன் 'டி' விசையை அழுத்தி எழுத்துருப் பெட்டியைத் திறந்தால், 'கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ற்ஸ்' என்ற பகுதி தெரியும். தெரியாவிட்டால் ஒபிஸின் மொழித் தெரிவில் தமிழைச் சேர்க்க வேண்டும். ஆங்கிலம் 12, தமிழ் 10 என்று அங்கே இருந்தால் உங்கள் கடிதம் ஏன் ஒழுங்கில்லாமல் இருந்தது என்பது புரியும். லிப்ரே ஒபிஸிலும் இதேபோல் தனிப் பகுதி உண்டு.

மும்மொழிக் கடிதங்களுக்கு நான் 'நிர்மலா யூ.ஐ.' எழுத்துருவைப் பயன்படுத்துகிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அதில் ஒன்றாக இருப்பதால் அளவு பெரிதாக வேறுபடாது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் சிங்களமும் ஆங்கிலமும் தெளிவாக இருக்க, தமிழ் மட்டும் பொடி எழுத்தில் தொங்கும் படிவங்களை இன்றும் காண்கிறோம். நாங்கள் தயாரிக்கும் கடிதத்திலாவது அது நடக்கக் கூடாது.

வரி இடைவெளியையும் கவனியுங்கள். அது 'எக்ஸாக்ட்லி' என்று குறிப்பிட்ட அளவில் பூட்டப்பட்டிருந்தால், எழுத்தைப் பெரிதாக்கும்போது மேலே உள்ள புள்ளியும் விசிறியும் வெட்டுப்படும். புள்ளி போனால் 'ம்' 'ம' ஆகிவிடும். ஒருவருடைய பெயரில் அப்படி நடந்தால், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயரும் இதுவும் ஒன்றா என்று கருமபீடத்தில் கேட்பார்கள். 'சிங்கிள்' அல்லது 'மல்டிப்பிள்' என்று மாற்றுங்கள்.

பழைய கோப்பை மாற்றும்போது

பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்ற சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்.எச்.எம். மாற்றி போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றினால் தேடலாம், கைபேசியிலும் வாசிக்கலாம். ஆனால் நான்கு விடயங்களில் அவதானம் தேவை.

முதலாவது, மூலக் கோப்பைத் தொடாதீர்கள். பிரதி எடுத்து, பிரதியை மட்டும் மாற்றுங்கள். கோப்பின் திகதியும் சில வேளைகளில் ஒரு சான்றுதான்.

இரண்டாவது, ஆங்கிலப் பகுதிகளைத் தனியே பிரித்து வையுங்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் 'வி' எழுத்து 'ஏ' ஆகிவிடும். 'எக்ஸ்' என்றால் 'ஓ' ஆகிவிடும். முகாம் பதிவு இலக்கம், வாகன இலக்கம், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து.

மூன்றாவது, அளவை ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். பழைய பிரதியில் ஒரு வரியை அடிமட்டத்தால் அளவுங்கள். புதியதில் அதே சொற்களை அளவுங்கள். முன்பு 15 சென்ரிமீற்றர், இப்போது 18 என்றால், 12ஐ 15ஆல் பெருக்கி 18ஆல் வகுக்க வேண்டும். விடை 10. அந்த அளவை வைத்தால் பக்கங்களும் பழையபடி வரும். பக்க எண்ணைச் சுட்டி எழுதிய பிற்சேர்க்கைகள் இருந்தால் இது முக்கியம்.

நான்காவது, ஒருவர் பழையதைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் புதியதைச் சரிபார்க்க வேண்டும். பெயர், திகதி, இடம் மூன்றையும் இரண்டு தரம் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன்

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகமாக இருக்கட்டும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பமாக இருக்கட்டும், வேர்ட் கோப்பாக அனுப்புவதைத் தவிருங்கள். பி.டி.எவ். ஆக மாற்றினால் எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும். வேர்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால், சேமிப்புத் தெரிவுகளில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் வசதியை இயக்குங்கள். அச்சிடும்போது தாளின் அளவு ஏ4 என்றும், அளவீடு 100 சதவீதம் என்றும் பாருங்கள். 'ஃபிட்' என்று இருந்தால் எழுத்து சுருங்கலாம். கடைசியாக, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியிலோ கைபேசியிலோ ஒரு தரம் திறந்து பாருங்கள்.

அன்று அந்த அம்மாவின் முறைப்பாட்டை இரண்டு பக்கத்தில் எடுத்துக் கொடுத்தோம். மகன் கடைசியாகக் காணப்பட்ட இடத்தையும் திகதியையும் அவர் விரல் வைத்து வாசித்துப் பார்த்தார். பென் டிரைவில் இப்போது மூலக் கோப்பு, யூனிகோட் பிரதி, பி.டி.எவ். மூன்றும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பென் டிரைவோ இறுவட்டோ கிடந்தால், இந்தக் கிழமையே திறந்து பாருங்கள். யாராவது "பழுதாகிவிட்டது" என்று சொன்னால், எந்த எழுத்துருவில் ரைப் செய்யப்பட்டது என்று கேட்காமல் அதை அழிக்க விடாதீர்கள்.