ஏவலும் வியங்கோளும்

ஏவல் வினைக்கும் வியங்கோள் வினைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். 'வா', 'நட', 'செய்' என்பன ஏவல். எதிரில் நிற்பவரை நோக்கிச் சொல்லப்படுவன. 'வாழ்க', 'வருக', 'ஒழிக' என்பன வியங்கோள். அதற்கு எதிரில் ஆள் வேண்டியதில்லை. இடமும் பாலும் வரையறையின்றி எங்கும் வரும் என்று நன்னூல் அதற்கு இலக்கணம் வகுக்கிறது. ஏவலில் கேட்பவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும். வியங்கோளுக்கு விருப்பம் இருந்தால் போதும்.

கணினியிடம் மனிதன் பேசிய மொழியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய பாகுபாடு வியக்கத்தக்க அளவில் உதவுகிறது என்பது எங்கள் துணிபு. ஏவலாகத் தொடங்கிய அம்மொழி வியங்கோளாக மாறிவந்த கதையை, இன்று உலகின் பெருங்கணினித் தொகுதிகளை ஆளும் குபர்நெட்டிஸ் என்னும் மென்பொருளின் வழியாக இங்கே சொல்ல முயல்கிறோம்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். அன்று கட்டளை தட்டுவதற்கு இருந்தது திரையன்று, டெலிடைப் 33 என்னும் தட்டச்சு இயந்திரம். நொடிக்குப் பத்து எழுத்துக்களைத்தான் அது தாளில் அச்சிடும். விசைகளை அழுத்துவதும் எளிதன்று. கோப்புகளைப் பட்டியலிட 'எல்எஸ்', படியெடுக்க 'சிபி', அழிக்க 'ஆர்எம்' என்று யூனிக்ஸின் கட்டளைகள் ஈரெழுத்துக்களில் நின்றதற்கு இந்த வறுமையும் ஒரு காரணம். நல்ல ஏவலுக்குரிய இயல்பு அவற்றிடம் முழுமையாக இருந்தது. எதிரில் ஓர் இயந்திரம், சொன்னவுடன் செய்யும், செய்தபின் சொல்லை மறந்துவிடும்.

இதற்கிணையாக மற்றொரு கதையும் நடந்துவந்தது. ஒரே கணினியில் ஓடும் நிரல்களை ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாதவாறு தனித்தனி அறைகளில் அடைப்பது எப்படி என்பது அது. 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த 'சி.எச்.ரூட்' அதன் முதற்படி. 2000-ல் ஃப்ரீ பிஎஸ்டி என்னும் இயங்குதளம் அவ்வறைகளுக்குச் 'சிறை' என்றே பெயரிட்டது. ஒரு நிரல் எவ்வளவு நினைவகமும் கணிப்புத் திறனும் உண்ணலாம் என்று அளந்துகொடுக்கும் வசதி, கூகுள் பொறியாளர்களின் முயற்சியால் 2008-ல் லினக்ஸின் கருவில் சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் சில நிமிட உரையொன்றில் டாக்கரை அறிமுகப்படுத்தினார். நிரலையும் அதற்கு வேண்டிய அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டி, ஒரு வரிக் கட்டளையால் எந்த லினக்ஸ் கணினியிலும் ஓடவிட முடிந்தது. இப்பொதிக்குக் கன்டெய்னர், அதாவது கொள்கலன், என்று பெயர்.

ஒரு கணினி என்றால் ஏவல் போதும். ஆயிரக்கணக்கில் இருந்தால்?

கூகுள் நிறுவனம் இக்கேள்வியைப் பத்தாண்டுகளுக்கு முன்பே சந்தித்திருந்தது. 2003-04 வாக்கில் அங்கே உருவான போர்க் என்னும் அமைப்பு, சுமார் பத்தாயிரம் இயந்திரங்களை ஓர் அலகாகக் கருதி ஆண்டது. அத்தனை இயந்திரங்கள் உள்ள இடத்தில் ஏதாவதொன்று பழுதாகிக்கொண்டே இருக்கும். 'நீ இதைச் செய்' என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், அந்த 'நீ' செத்துப் போயிருக்கும். முன்னிலை இல்லாத இடத்தில் ஏவலுக்குப் பொருளில்லை. ஆகவே பணியாளர்கள் தமக்கு வேண்டிய நிலையை ஒரு கோப்பில் விவரித்தனர்; அந்நிலையை உண்டாக்கிக் காப்பது அமைப்பின் பொறுப்பாயிற்று. இவ்வெண்ணம் கூகுளுக்கே உரியதன்று. 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் எழுதிய சிஎஃப் எஞ்சின், கணினி இருக்க வேண்டிய நிலையைச் சொன்னால் அதை நோக்கிப் படிப்படியாக நகர்த்திச் செல்லும் மென்பொருளாக அப்போதே இருந்தது.

போர்க் தந்த படிப்பினைகளைக் கொண்டு ஜோ பீடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மெக்லக்கி ஆகியோர் தொடங்கிய குபர்நெட்டிஸ் 2014 ஜூனில் பொதுவெளிக்கு வந்தது. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு மாலுமி, சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். அதன் கட்டளைக் கருவியின் பெயர் கியூப்-கன்ட்ரோல். அதை எப்படி உச்சரிப்பது என்பதில் பயன்படுத்துவோரிடையே இன்றளவும் ஒற்றுமை இல்லை.

இக்கருவியில் 'கிரியேட்' என்று ஒரு கட்டளை உண்டு. 'இணையத்தளத்தின் நிரல் மூன்று படிகளாக ஓடட்டும்' என்ற பொருளில் அதைத் தட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் 'உருவாக்கப்பட்டது' என்று விடை வரும். அந்த நொடியில் ஒரு கொள்கலன்கூடத் தோன்றியிருக்கத் தேவையில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நடந்தது இவ்வளவுதான்: நம் வேண்டுகோளைத் தலைமை வழங்கி பெற்றது; நாம் யார், நமக்கு உரிமை உண்டா என்று சோதித்தது; எட்சிடி என்னும் தரவுப் பேழையில் பதிந்தது. 'மூன்று இருக்க' என்னும் விருப்பம் ஏடேறியது, அவ்வளவே. பின்னர் ஓயாது விழித்திருக்கும் சில நிரல்கள் ஏட்டைப் படிக்கின்றன. மூன்று வேண்டும், ஒன்றும் இல்லை என்று காண்கின்றன. மூன்றுக்கான பதிவுகளை எழுதுகின்றன. எந்தக் கணினியில் வைப்பது என்று இன்னொரு நிரல் முடிவு செய்கிறது. அந்தக் கணினியில் உள்ள முகவர் இறுதியில் கொள்கலனை ஓடவிடுகிறார்.

புதிதாகக் கற்பவர்களைத் திகைக்கவைக்கும் காட்சி இதன் விளைவே. மூன்றில் ஒன்றை அழிக்கச் சொல்கிறோம். 'அழிக்கப்பட்டது' என்று பணிவான விடை வருகிறது. பட்டியலைப் பார்த்தால் மீண்டும் மூன்று நிற்கின்றன. நம் ஏவல் நிறைவேறியது உண்மை. ஆனால் முன்பு நாம் எழுதிவைத்த வியங்கோள் இன்னும் உயிரோடு இருந்தது. விருப்பத்தை மாற்றாமல் விளைவை மட்டும் அழிக்க முயல்வது அங்கே செல்லாது.

கட்டளைகளின் வரலாறும் இத்திசையிலேயே சென்றது. 'கிரியேட்' ஒரு முறைக்கானது. அதே பெயரில் இரண்டாம் முறை தட்டினால் 'ஏற்கெனவே உள்ளது' என்று மறுத்துவிடும். 'அப்ளை' அப்படியன்று. விருப்பத்தை யாமல் என்னும் வடிவிலான கோப்பில் எழுதி அதனிடம் தந்தால், இல்லாததை உண்டாக்கும், மாறியதைத் திருத்தும், மாற்றமில்லையெனில் 'மாறவில்லை' என்று சொல்லி அமையும். 'ரன்' என்னும் மூத்த கட்டளை ஒருகாலத்தில் பலவகை வளங்களை உண்டாக்கியது. 2018-ல் அதன் அதிகாரங்களைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2020 மார்ச்சில் வெளிவந்த 1.18 பதிப்பிலிருந்து ஒற்றைப் 'பாட்' ஒன்றை உண்டாக்குவதோடு அது நின்றுகொண்டது. 2021 ஆகஸ்டில் 1.22 பதிப்பில் முழுமை பெற்ற புதிய 'அப்ளை', விருப்பத்தின் எந்த வரி யாருடையது என்பதையும் வழங்கியிலேயே குறித்துவைக்கிறது.

பொறியாளர்களின் வசதியைப் பற்றிய செய்தியாக மட்டும் இதைக் கருதிவிடக் கூடாது. மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம் என எங்கும் இத்தகைய கட்டமைப்புகள் நுழைந்துவிட்ட காலம் இது. அங்கே ஒரு சேவை நின்றுபோனால், யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு வேண்டும். ஏவல் காற்றில் கரைந்துவிடும். கோப்பில் எழுதிய விருப்பமோ பேணிவைத்தால் ஆவணமாக நிற்கும். பலர் படித்துத் திருத்தலாம், பழைய நிலைக்கும் திரும்பலாம்.

ஆயினும் வியங்கோளுக்கும் ஓர் ஆபத்து உண்டு. நள்ளிரவில் கூட்டம் பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். காவலில் இருக்கும் பொறியாளர் ஒற்றைக் கட்டளையால் மூன்றைப் பத்தாக்கித் தளத்தைக் காப்பாற்றுகிறார். அவசரத்தில் கோப்பைத் திருத்தவில்லை. மறுநாள் இன்னொருவர் வேறேதோ சிறு மாற்றத்துக்காக அக்கோப்பை 'அப்ளை' செய்கிறார். கோப்பில் மூன்று என்றிருக்கிறது. ஏழு கொள்கலன்கள் ஓசையின்றி மறைகின்றன. இயந்திரத்தின் மீது குற்றமில்லை. எழுதியபடியே அது நடந்தது. தவறாக எழுதப்பட்ட விருப்பத்தையும் அது இதே பற்றோடு, சோர்வின்றி, மீண்டும் மீண்டும் நிறைவேற்றும்.

வியம் என்பதற்கே ஏவல் என்றுதான் பொருள். வியங்கோள் என்றால் ஏவலைக் கொள்ளுதல். விருப்பம் என்று மென்மையாகச் சொன்னாலும் அதன் உள்ளே கட்டளை இருக்கிறது என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் அறிந்திருந்தனர். சொன்னதை உடனே செய்துவிட்டு மறக்கும் இயந்திரத்திடம் ஒரு நொடி கவனமாக இருந்தால் போதுமாயிருந்தது. எழுதியதை மறவாமல் காத்துநிற்கும் இயந்திரத்திடம், எழுதியது என்ன என்பதை நாமும் மறவாதிருக்க வேண்டியிருக்கிறது.