கருவியும் படைக்கலமும்: விசைக்கத்தியின் வரலாறு

முன்னுரை

மாந்தன் கைக்கொண்ட பொருள்களுள் கத்தியைப்போல இருவேறு பயனுக்கு இடந்தருவன மிகச் சிலவே. அடுக்களையில் காய் அரிவதும் பட்டறையில் கயிறு அறுப்பதும் பகைவன் உயிர் குடிப்பதும் ஒரே இரும்பின் வேலைகள். தொழிலுக்கு உதவுவதைக் கருவி என்றும், போருக்கு உதவுவதைப் படைக்கலம் என்றும் தமிழில் வேறு பிரித்து வழங்குகிறோம். இவ்வேறுபாடு பொருளின்கண் உள்ளதா, அதனை ஏந்துவோன் கருத்தில் உள்ளதா என்பது ஆராய்தற்குரிய வினா. ஐரோப்பாவில் தோன்றி, அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல்லாண்டுகள் தொழிலாளர் சட்டைப்பையில் கிடந்து, பின்னர்ச் சட்டத்தால் விலக்கப்பெற்ற ஒரு கத்தியின் வரலாறு இவ்வினாவிற்கு விடை காணத் துணை செய்யும். அதனை ஈண்டு முறைப்படக் காண்போம்.

பெயரும் அமைப்பும்

கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்திய அளவில், உள்ளிருக்கும் வில்லின் விசையால் அலகு தானே வெளிப்பட்டு நிற்கும் மடக்குக் கத்தியை அமெரிக்கர் ‘சுவிட்ச்பிளேடு’ என்பர்; ஆங்கிலேயர் ‘பிளிக் நைப்’ என்பர். நம் நாட்டுப் பேச்சு வழக்கில் அது ‘பட்டன் கத்தி’ எனப்படும். விசையே இதன் தனியியல்பு ஆகலின், இக்கட்டுரையில் விசைக்கத்தி என்றே வழங்குவோம்.

பொதுவான மடக்குக் கத்தியில் அலகின் பக்கத்தே நகம் பதியுமளவு ஒரு பள்ளம் இருக்கும். ஒரு கையால் பிடியைப் பற்றி, மறு கையின் நகத்தை அப்பள்ளத்தில் இட்டு இழுத்தால்தான் அலகு திறக்கும். ஆகவே, அதனைத் திறக்க இரு கைகளும் வேண்டும். விசைக்கத்தியிலோ மடங்கிய நிலையிலேயே வில் அலகை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பொத்தானோடு இணைந்த முளை ஒன்று அலகின் அடியிலுள்ள குழியில் பொருந்தி அதனைத் தடுத்து நிற்கும். பொத்தானை அழுத்தத் தடை நீங்குகிறது, அலகு விரிகிறது, விரிந்தபின் முளை மீண்டும் பொருந்தி அலகு மடங்காமல் காக்கிறது. சட்டைப்பைக்குள் தற்செயலாகத் திறந்துகொள்ளாதிருக்கப் பல கத்திகளில் காப்புத் தாழ் ஒன்றும் உண்டு. அலகு பக்கவாட்டில் சுழன்று திறப்பது ஒருவகை. பிடியின் முன்புறமாக நேரே வெளிவருவது மற்றொரு வகை.

இவ்வமைப்பால் விளையும் பயன் ஒன்றே: ஒரு கையால் திறக்கலாம். இக்கத்தியின் வரலாறு முழுவதும் இவ்வொரு பயனைச் சுற்றியே நிகழ்ந்தது என்பதை மேலே காண்போம்.

தொழிலாளர் கருவி

வில்லால் திறக்கும் மடக்குக் கத்திகள் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரக் கொல்லர்கள் இவ்வகைக் கத்திகளைச் செய்து விற்றனர். எனினும், இதனை எளியோரும் வாங்கத்தக்க தொழிற்சாலைப் பொருளாக்கிய பெருமை பெரிதும் சார்ச்சு சிரேடு என்னும் அமெரிக்கரைச் சாரும். அவர் 1890-களில் பொத்தான் கத்திக்குரிய காப்புரிமை பெற்று, நியூயார்க்கு மாநிலத்தின் வால்டன் என்னும் ஊரில் அதனைச் செய்விக்கத் தொடங்கினார். 1904-இல் சிரேடு உடன்பிறந்தாரின் கத்தித் தொழிலகம் அவ்வூரிலேயே நிறுவப்பட்டது. பின்னர்க் கனெக்டிகட்டு மாநிலத்தின் பிரிட்சுபோர்ட்டு நகரிலும் இத்தொழில் வேரூன்றியது.

அக்காலத்து விளம்பரங்கள் இக்கத்தியை அச்சம் விளைக்கும் பொருளாகக் காட்டவில்லை. நகம் உடையாமல் திறக்கலாம் என்பதும், ஒரு கையில் வேலை இருக்க மறு கையால் பயன்கொள்ளலாம் என்பதுமே அவை எடுத்துரைத்த சிறப்புகள். ஏணிமேல் நிற்பவன் ஒரு கையால் ஏணியைப் பற்றியிருப்பான். மாட்டின் கயிற்றைப் பிடித்திருப்பவன் அதனை விட இயலாது. படகில் வலை இழுப்பவனுக்கும் அந்நிலையே. இத்தகையோர்க்கு ஒற்றைக்கையால் திறக்கும் கத்தி வேண்டற்பாலதே அன்றோ? இதனால், அமெரிக்காவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இது பேனாக் கத்தியின் இனத்தைச் சேர்ந்த அன்றாடக் கருவியாகவே கருதப்பட்டது எனத் தெளியலாம்.

வான்குடை வீரர்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் வான்குடை வீரர்க்கு ‘எம்-2’ என்னும் விசைக்கத்தியை வழங்கினர். பகைவரைக் குத்துவதற்கென அது அளிக்கப்பட்டதென ஒருவர் நினைக்கலாம், உண்மை வேறு. வானிலிருந்து குதிக்கும் வீரன் மரக்கிளையில் சிக்குண்டு தொங்குவான். அல்லது காற்றால் வான்குடையோடு இழுத்துச் செல்லப்படுவான். ஒரு கை கயிற்றில் சிக்கியிருப்பினும் மறு கையால் கத்தியைத் திறந்து தன்னை விடுவித்துக்கொள்ள வேண்டும். அதன்பொருட்டு அவன் மேற்சட்டையின் கழுத்தை அடுத்து, இருபுறக் கைகளுக்கும் எட்டுமாறு, இக்கத்திக்கெனவே தனிப்பை ஒன்று தைக்கப்பட்டது. செருமானிய வான்குடை வீரர்க்கும் இந்நோக்கிலேயே ஒற்றைக்கையால் திறக்கும் கத்தி தரப்பட்டது. அதில் வில் இல்லை. பிடியைக் கீழ்நோக்கிப் பிடித்து நெம்பினால் அலகு தன் எடையால் நழுவி வெளிவரும்.

போர்க்களத்திற் புகுந்த காலத்தும் இக்கத்தி முதன்மையாக உயிர்காக்கும் கருவியாகவே எண்ணப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

அச்சம் பிறந்த காலம்

போர் முடிந்தபின் நிலைமை மாறியது. இத்தாலியில் இருந்து மீண்ட வீரர் அந்நாட்டு விசைக்கத்திகளை நினைவுப்பொருளாகக் கொணர்ந்தனர். அவற்றின் அலகு நீண்டு மெலிந்து கூர்ந்தது. கயிறு அறுத்தற்கு ஏற்றதாதலினும் குத்துதற்கு ஏற்றதாகத் தோன்றுவது. பின்னர் அவை மலிவான விலையில் இறக்குமதியாயின. பெருநகர் இளைஞர் குழுக்கள் அவற்றை விரும்பி ஏந்தின.

1950 நவம்பரில் ‘உமன்சு ஓம் கம்பானியன்’ என்னும் மகளிர் இதழில் சேக்கு ஆரிசன் பொல்லாக்கு என்பார், விசைக்கத்தியைக் கொல்லும் விளையாட்டுப் பொருள் எனச் சுட்டும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெற்றோரிடையே அது பெருங்கலக்கம் விளைத்தது. 1954-இல் நியூயார்க்கு மாநிலம் இக்கத்தியைத் தடை செய்தது. 1955-இல் வெளிவந்த ‘ரெபெல் விதவுட் எ காசு’ திரைப்படமும், 1957-இல் மேடையேறிய ‘வெசுட்டு சைடு சுடோரி’ என்னும் இசைநாடகமும் கத்திச் சண்டையை மக்கள் கண்முன் நிறுத்தின. பொத்தானை அழுத்தும் ஓசையும், அலகு பளிச்சிட்டு வெளிவரும் காட்சியும் அரங்கிற்கு மிகப் பொருந்துவன. தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்த கத்தியை எவரும் படம் பிடிக்கவில்லை. ஆதலின், மக்கள் மனத்தில் நின்ற வடிவம் கொலைஞன் கையிலிருந்ததே.

இலக்கியம் பயில்வோர் நோக்கத்தக்க விதிவிலக்கு ஒன்று உண்டு. ரெசினால்டு ரோசு எழுதிய ‘டுவெல்வு ஆங்கிரி மென்’ என்னும் நாடகம் 1954-இல் தொலைக்காட்சியிலும், 1957-இல் சிட்னி லூமட்டின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது. அதில் தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞனுக்கு எதிரான சான்று ஒரு விசைக்கத்தி. அதனைப் போன்ற கத்தி பிறிதொன்று இராது என நடுவர் பலர் நம்புகின்றனர். ஒருவர் மட்டும் அதே வடிவக் கத்தி ஒன்றைத் தாம் கடையில் வாங்கிவந்து மேசைமேல் குத்தி நிறுத்துகிறார். சேரிப்பகுதியில் வளர்ந்த மற்றொரு நடுவர், இக்கத்தியைக் கையாண்டு பழகியவன் கீழிருந்து மேனோக்கியே குத்துவான் எனச் செய்து காட்டுகிறார். இளைஞன் குற்றவாளி என்பதில் ஐயம் பிறக்கிறது. கத்தியின் தோற்றத்தால் விளைந்த முன்முடிவைக் கத்தியைப் பற்றிய அறிவே தகர்க்கிறது. நாடு முழுவதும் தடை வேண்டும் என்னும் குரல் ஓங்கிய நாளிலேயே இப்படைப்புத் தோன்றியது எண்ணத்தக்கது.

1958ஆம் ஆண்டுச் சட்டம்

1958 ஆகத்து 12-இல் கூட்டாட்சி விசைக்கத்திச் சட்டம் நிறைவேறியது. மாநிலங்களுக்கிடையிலான வாணிகத்திற்கென இக்கத்தியைச் செய்தலும் அனுப்புதலும் பரப்புதலும் அதனால் குற்றமாயின. 2,000 தாலர் வரை தண்டமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். பொத்தானால் திறப்பது மட்டுமன்றி, தன் எடையாலோ வீச்சாலோ திறப்பதும் இவ்வரையறையுள் அடங்கும். அடுத்த ஆண்டே பிரித்தானியப் பாராளுமன்றமும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்தகைய கத்திகளின் ஆக்கத்தையும் விற்பனையையும் தடுத்தது.

அமெரிக்கச் சட்டத்தில் அமைந்த விலக்குகள் ஆராய்ச்சிக்குச் சிறந்த இடமாவன. படையினர்க்கு விலக்கு உண்டு என்பது எதிர்பார்க்கத் தக்கதே. மற்றொரு விலக்கு வியப்பிற்குரியது. ஒரு கை மட்டும் உடையவர், 3 அங்குலத்திற்கு மேற்படாத அலகுடைய விசைக்கத்தியைத் தம்மோடு கொண்டு செல்லலாம் என்கிறது அச்சட்டம்.

இவ்விலக்கின் பொருள் யாது? கை இழந்தாரும் உணவை நறுக்க வேண்டும். பொதி கட்டிய கயிற்றை அறுக்க வேண்டும். அவர்க்கு இரு கையால் திறக்கும் கத்தி பயன்படாது. இதனைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்தனர். எனவே, இக்கத்தி இயல்பாகவே கொலைக் கருவி என்னும் கருத்தை அச்சட்டமே மறுக்கின்றது. இயல்பாகவே கொலைக் கருவியாயின் கை இழந்தார்க்கும் அதனைத் தருதல் தகாது. தருதல் தகும் எனின், ஏணியில் ஒரு கை ஊன்றி நிற்கும் தொழிலாளியும் அவ்வேலை முடியுங்காறும் ஒரு கையுடையவனே. அவனுக்கு மறுப்பது எந்த நெறியால் என்னும் வினாவிற்குச் சட்டத்தில் விடை இல்லை.

தடை கோரியோர் பக்கத்தும் நியாயம் உண்டு என்பதை மறைத்தல் ஆராய்ச்சி நேர்மையாகாது. நொடியில் திறக்கும் கத்தி பூசலில் ஆராயும் பொழுதைக் குறைத்துவிடும். மறைத்து வைக்க எளியது. வெளிப்படும் ஓசையே அச்சுறுத்தலாகும். தெருவில் மகனை இழந்த தாய்க்கு ஏணித் தொழிலாளியின் தேவை சிறிதாகவே தோன்றும். எனினும், அடுக்களைக் கத்தி எவ்வகைத் திறப்பும் வேண்டாமல் எப்போதும் விரிந்தே இருக்கிறது. அதனை எவரும் தடுக்க நினைக்கவில்லை. ஆகவே, அச்சட்டம் தீமையின் அளவை நோக்காது திறக்கும் முறையை நோக்கியது எனல் பொருந்தும்.

பின் விளைவுகள்

தேவை மறையாதபோது தடை புதிய வழிகளைத் தோற்றுவிக்கும். 1981-இல் சுபைடர்கோ என்னும் அமெரிக்க நிறுவனம் அலகில் வட்டத் துளை இட்ட மடக்குக் கத்தியை வெளியிட்டது. கட்டைவிரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் ஒரு கையாலேயே திறக்கலாம். வில் இல்லாமையின் தடையும் இல்லை. பின்னர், விரலால் சிறிது தள்ளியபின் எஞ்சிய தொலைவை வில் முடிக்கும் கத்திகளும் வந்தன. இவற்றையும் விசைக்கத்தியாகக் கொள்ளச் சுங்கத் துறை 2009-இல் முற்பட்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே சட்டம் திருத்தப்பட்டு, அலகைக் கையால் உந்தித் திறக்க வேண்டிய, மூடிய நிலை நோக்கிச் சாயும் இயல்புடைய கத்திகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

நியூயார்க்கு மாநிலத்தில் விளைந்த துன்பம் பெரிது. எடையாலோ வீச்சாலோ திறக்கும் கத்திகளுக்கு அங்கிருந்த தடையின்கீழ், காவலர் மணிக்கட்டை வேகமாக வீசிப் பார்த்துக் கத்தி திறந்தால் குற்றம் எனக் கொண்டனர். கடையில் வெளிப்படையாக விற்ற தொழிற்கத்திகளை வாங்கியோர் பலர் இவ்வாறு சிறைப்பட்டனர். சமையற்றொழில் செய்யும் ஒருவர் தொடுத்த வழக்கில், ஒருவர் கையில் திறப்பது மற்றொருவர் கையில் திறவாதாகலின் எது குற்றமென மக்கள் அறிய இயலாது எனக் கண்டு, 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அத்தடை அவரைப் பொறுத்துச் செல்லாது என்றது. அவ்வாண்டு மே மாதத்தில் மாநிலமே அத்தடையை நீக்கியது.

விசைக்கத்தித் தடையை 2010-இல் நியூ ஆம்சயரும், 2013-இல் டெக்சாசும், 2017-இல் மிச்சிகனும் நீக்கின. 2024 ஆகத்தில் மாசசூசெட்சு மாநில உச்ச நீதிமன்றம், மடக்குக் கத்தி ஏந்துதல் அந்நாட்டின் பழைய வழக்கம் என்பதை எடுத்துக்காட்டி, தன் மாநிலத் தடை அரசமைப்பிற்கு மாறானது எனத் தீர்த்தது. பிரித்தானியாவோ எதிர்த்திசையில் நடந்தது. 2021 சூலை முதல் இத்தகைய கத்தியைத் தன் வீட்டினுள் வைத்திருத்தலும் அங்குக் குற்றமாயிற்று.

முடிபு

ஒரே கத்தி, ஒரே வில், ஒரே பொத்தான். 1904-இல் அது கருவி, 1944-இல் உயிர்காப்பு, 1958-இல் குற்றம், 2024-இல் ஒரு மாநிலத்தில் உரிமை, கடல் கடந்தால் வீட்டினுள்ளும் குற்றம். அமைப்பு மாறவில்லை; அதனை ஏந்துவோர் யார் என்று காண்போர் கொண்ட எண்ணமே மாறியது. ஆகவே, கருவி, படைக்கலம் என்னும் வேறுபாடு பொருளின் இயல்பால் மட்டும் அமைவதன்று. பெரிதும் காலத்தின் அச்சத்தாலும் நம்பிக்கையாலும் அமைவது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.

அச்சம் பொய்யென்று நாம் கூறவில்லை. அச்சத்தால் எழும் சட்டம் எவர் கையிலிருந்து எதனைப் பறிக்கிறது என்பதையும் எண்ணுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியோர் ஒரு கை இழந்தாரை நினைத்தபோது, ஒரு வரியளவேனும் அவ்வாறு எண்ணினர். அவ்வரி மற்றைத் தொழிலாளரையும் நினைந்து எழுதப்பட்டிருக்குமாயின், மடக்குக் கத்தி வைத்திருந்தமைக்காக ஒருவர் நீதிமன்றப் படியேற நேர்ந்திராது.