யாருடைய நேரம்? திருப்பூர் பனியன் தொழிலும் தொடக்கப்பள்ளி பெற்றோரிடம் வைக்கும் எதிர்பார்ப்புகளும்

ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் தொடக்கப்பள்ளி, அதன் குடும்பத்தின்மீதும் சில கடமைகளை ஏற்றிவிடுகிறது. நாள் தவறாமல், மணி தவறாமல் அனுப்ப வேண்டும். சீருடையைத் துவைத்து உடுத்திவிட வேண்டும். வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அழைத்த நாளில் கூட்டத்துக்கு வர வேண்டும். சான்றிதழ்களின் நகல்களைக் கேட்டவுடன் தர வேண்டும். தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் அநியாயமானதில்லை. ஆனால் இவை அனைத்தும் ஒரே அனுமானத்தின்மேல் நிற்கின்றன: பெற்றோரின் நேரம் பெற்றோரின் கையில் இருக்கிறது என்பதே அது. திருப்பூர் பனியன் தொழில் வட்டாரத்தில் இந்த அனுமானம் பொருந்தாது. அங்கே ஒரு குடும்பத்தின் காலையையும் மாலையையும் ஷிப்டும் பீஸ் ரேட்டும் ஏற்றுமதி ஆர்டரும் தீர்மானிக்கின்றன. எனவே பள்ளியின் எதிர்பார்ப்புகளைப் பெற்றோரின் அக்கறையை அளக்கும் கோலாகக் கொள்வது பிழை. நேரத்தின்மேல் யாருக்கு அதிகாரம் உண்டோ அவர்களிடமே அதற்கேற்ற கடமையும் சேர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம் கடமைகளை எப்படிப் பங்கிட்டிருக்கிறது என்று பார்க்கலாம். 2002இன் 86ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 21அ உறுப்பின் மூலம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 51அ உறுப்பில் பெற்றோரின் கடமை ஒன்றையும் சேர்த்தது. அதைத் தொடர்ந்து வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 10ஆம் பிரிவில் பெற்றோருக்கு ஒரே ஒரு கடமையை விதிக்கிறது: பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது. அதை மீறினால் தண்டனை என்று எதையும் அது சொல்லவில்லை. சேர்க்கை மட்டுமன்றி வருகையையும் படிப்பு நிறைவையும் உறுதிசெய்யும் பொறுப்பை 8, 9 பிரிவுகள் அரசின்மீதும் உள்ளாட்சியின்மீதும் வைக்கின்றன. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று 9ஆம் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோருக்குக் கூட்டம் நடத்தித் தெரிவிப்பது 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமை. சட்டத்தில் ‘கட்டாயம்’ அரசைக் கட்டுகிறது. பள்ளி நடைமுறையிலோ அது பெற்றோரைக் கட்டுகிறது. பிள்ளை வராவிட்டால் முதல் கேள்வி வீட்டை நோக்கியே பாய்கிறது.

கடமை இப்படி இடம் மாறுவதன் விளைவு திருப்பூரில் கடுமையாகிறது. 2024–25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அந்த உற்பத்தி ஒரே கூரையின்கீழ் நடப்பதில்லை. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங் எனப் பிரிந்து, பெரிய கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க்காக, பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் பட்டறை வரை இறங்கி வருகிறது. காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் ஷிப்ட், ஆர்டர் நெருக்கும்போது ‘ஒன்றரை ஷிப்ட்’ ஆகி இரவு எட்டரை வரை நீளும். சனிக்கிழமை கைக்கு வரும் வாரச் சம்பளத்தில் வாடகையும் மளிகையும் கழிகின்றன. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு மணி நேரம் எழுந்து போவதென்றால் அந்த ஒரு மணி நேரக் கூலி போய்விடும். லைனில் இடைவெளி விழுவதால் உடன் தைப்பவர்களின் கணக்கும் குறையும். இதற்கு எதிரே பள்ளியின் நாளை வைத்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணி. பெற்றோரின் நாளோ பன்னிரண்டு மணி வரை போகிறது. பள்ளி விட்டபின், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டின் கதவு திறக்கும்வரை உள்ள அந்த இடைவெளிக்கு எந்த விதியேட்டிலும் பொறுப்பாளர் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு இதற்குத் தெளிவான சான்று. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2022இல் ‘நம் பள்ளி நம் பெருமை’ இயக்கத்தின்வழி இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. காகிதத்தில் இருந்த ஓர் அமைப்புக்கு உயிர் கொடுத்த நல்ல முயற்சி அது. ஆனால் மாதாந்தரக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் என்று பள்ளிக் கல்வித் துறை வகுத்தது. ஆசிரியருக்கும் அலுவலருக்கும் அது வசதியான வேளை. பனியன் தொழிலாளிக்கோ மறுநாள் சம்பளக் கணக்கு முடியவிருக்கும் நிலையில் பீஸ் எண்ணிக்கையைக் கூட்டும் வேளை. அப்படியொரு பிற்பகலில் வரக்கூடியவர் யார்? வேலைக்குப் போகாதவர், கடை வைத்திருப்பவர், வீட்டில் வேறொருவர் சம்பாதிப்பவர். தேர்வு நியாயமாகவே நடந்தாலும் கூட்ட நேரம் இரண்டாவது தேர்வு ஒன்றை நடத்திவிடுகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் அதிகாரம் கொண்ட குழுவில், அப்பள்ளியின் பெரும்பான்மைப் பெற்றோர் செய்யும் தொழிலின் குரல் கேட்காமல் போவதற்கு அக்கறையின்மை காரணமில்லை, அட்டவணையே காரணம்.

வீட்டுப்பாடத்திலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லாரோ 1989இல் வெளியிட்ட ஆய்வில், உழைக்கும் வர்க்கப் பெற்றோரும் நடுத்தர வர்க்கப் பெற்றோரும் பிள்ளையின் படிப்பைச் சமமாகவே மதித்தபோதிலும், பள்ளி கேட்ட வகையில் பங்கேற்பதற்கான கல்வி, நேரம், தன்னம்பிக்கை ஆகியவை சமமாக இல்லை என்று காட்டினார். இங்கிலாந்து இதைச் சட்டத்தால் சரிசெய்ய முயன்றது: 1998ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நிதி பெறும் ஒவ்வொரு பள்ளியும் பெற்றோருடன் ஓர் உடன்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்ளப் பணித்தது, 2016 தொடக்கத்தில் அந்தக் கட்டாயமே நீக்கப்பட்டது. எதிர்பார்ப்பை எழுதிக் கையெழுத்து வாங்குவதால் அதை நிறைவேற்றும் வசதி வந்துவிடாது. திருப்பூரில் நேரக் குறைவோடு மொழியும் சேர்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இன்று இவ்வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி அவர்கள் தமிழ் படித்தாக வேண்டும். வாழும் மண்ணின் மொழியைக் கற்பது அவர்களுக்கு நன்மையும்கூட. ஆனால் ஒடியா மட்டும் அறிந்த தாய் தமிழ் வீட்டுப்பாடத்தைச் சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

சேர்க்கை விதிகளுக்கு வருவோம். பள்ளி ஜூனில் தொடங்குகிறது. ஆர்டர் ஜூனுக்காகக் காத்திருப்பதில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வரும் குடும்பமோ வடமாநிலக் குடும்பமோ வேலை கிடைக்கும் மாதத்தில் வருகிறது, ஆர்டர் சுருங்கும்போது ஊர் திரும்புகிறது. இதைச் சட்டம் முன்பே உணர்ந்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதம் சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது (பிரிவு 5). வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது (பிரிவு 14). காலம் கடந்து வந்தாலும் சேர்க்க வேண்டும் (பிரிவு 15). மாநிலத்துக்குள் இடம்பெயரும் பிள்ளையை, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற மாணவர் தரவுத் தளத்தின் பொதுத் தொகுப்பிலிருந்து புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். வேறு மாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அத்தகைய பதிவு இங்கே இராது. ஆகவே ‘எல்லாச் சான்றிதழும் கொண்டு வாருங்கள்’ என்று ஒரு பள்ளி சொன்னால், அது சட்டம் தன்னிடம் ஒப்படைத்த வேலையைக் குடும்பத்திடம் தள்ளிவிடுவதாகும்.

திருப்பூரின் கடந்த காலம் இவ்வாதத்துக்கு வலு சேர்க்கிறது. 1980களிலும் 90களிலும் இங்குள்ள பனியன் கம்பெனிகளில் சிறுவர்கள் கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் எடுபிடியாகவும் வேலை செய்தது ஆய்வுகளிலும் செய்திகளிலும் பதிவான ஒன்று. வெளிநாட்டு வாங்குவோரின் நிபந்தனைகள், தொண்டு நிறுவனங்களின் முயற்சி, தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், அரசின் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து சிறுவர்களை ஏற்றுமதிக் கம்பெனிகளிலிருந்து பெருமளவு வெளியேற்றின. அது உண்மையான வெற்றி. ஆனால் அன்று குழந்தையின் நேரத்தை நேரடியாக வாங்கிய தொழில், இன்று குழந்தைக்குச் சேர வேண்டிய பெற்றோரின் நேரத்தை வாங்குகிறது. முன்னதைக் குற்றமென்று கண்ட சமூகம் பின்னதைக் குடும்பத்தின் சொந்த விஷயம் என்கிறது. புவியியலாளர் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு, இங்கே உழவரும் தொழிலாளருமாக இருந்து முதலாளியானவர்கள் தம் உழைப்பையே தம் மூலதனமாகச் சொல்லிக்கொள்வதை விரிவாக எடுத்துக்காட்டுகிறது. இரவு பகல் பாராத உழைப்பை மெச்சும் ஊர் இது. அதே உழைப்பு தொழிலாளியிடம் இருக்கும்போது, பள்ளியின் பதிவில் அது ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று மாறிவிடுகிறது.

‘எதிர்பார்ப்பைத் தளர்த்தினால் பெற்றோர் பொறுப்பற்றுப் போவார்கள், கண்டிப்பே பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும்’ என்பது முதல் மறுப்பு. இதற்கு அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991இல் எழுதிய நூலையும் துணைக்கு அழைக்கலாம். கட்டாயக் கல்வியைச் செயல்படுத்தாததே இந்தியக் குழந்தைத் தொழிலின் வேர் என்றார் அவர். ஆனால் வீனரின் விரல் பெற்றோரைச் சுட்டவில்லை. கட்டாயத்தைச் செயல்படுத்த விரும்பாத அரசையும் மேல்தட்டு மனப்போக்கையும் சுட்டியது. இந்தியத் தொடக்கக் கல்வி பற்றி 1999இல் வெளியான ‘புரோப்’ அறிக்கையும், ஏழைப் பெற்றோருக்குக் கல்வியில் ஆர்வமில்லை என்பது கட்டுக்கதை என்று வட மாநிலச் சான்றுகளுடன் நிறுவியது. தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பிள்ளைக்குக் காலையில் சோறூட்டி அனுப்புவது தாயின் கடமை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அந்தக் கடமையில் ஒரு பங்கைப் பள்ளிக்கு மாற்றியது. இதனால் தாய்மை குலையவில்லை. ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கும் பள்ளி மணிக்கும் இடையே தனியாக நின்ற பிள்ளைக்கு ஓர் இடமும் உணவும் கிடைத்தன. தளர்த்தக் கூடாதது பிள்ளையின் வருகையும் கற்றலும். அவற்றுக்குத் துணையான வேலைகளை யார் செய்வது என்பது மாற்றியமைக்கக் கூடியதே.

‘ஒன்றரை ஷிப்ட் பெற்றோரின் தேர்வு, பணத்துக்காகப் பிள்ளையை விடுகிறார்கள்’ என்பது இரண்டாவது மறுப்பு. திருப்பூர் வட்டாரத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கெர்ட் டி நீவ் ஆகியோரின் எழுத்துகள் வேறொன்றைச் சொல்கின்றன: சிறு பிள்ளைகள் உள்ள பெண்கள் பலர், நேரக் கட்டுப்பாடு மிகுந்த ஏற்றுமதிக் கம்பெனிகளைத் தவிர்த்து, வீட்டுப் பொறுப்போடு பொருந்தும் வேலைகளைத் தேடுகிறார்கள், குடும்பச் சூழலுக்கேற்ப வேலைக்குள் வருகிறார்கள், விலகுகிறார்கள். அதாவது பிள்ளை வளர்ப்புக்கான விலையைத் தாய்மார் தம் கூலியிலிருந்து ஏற்கெனவே செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மணிக் கூலியில் வாடகையும் கடனும் அடையாத வீட்டில் மீதி நான்கு மணியைத் தேர்வு என்று சொல்வது கடினம்.

‘பவர் டேபிள் வைத்திருக்கும் சிறு முதலாளியால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது, ஆசிரியருக்கோ ஏற்கெனவே வேலை மிகுதி’ என்பது மூன்றாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால் தொழிலாளியின் குழந்தைக்குத் தொழிலும் பொறுப்பு என்ற கருத்து நமக்குப் புதிதில்லை: பெண்கள் பலர் பணிபுரியும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. ஆறு வயதில் பிள்ளையின் தேவை தீர்ந்துவிடுவதில்லை. சிறு பட்டறை தனியாகத் தாங்க முடியாததைத் தொழில் வட்டாரம் சேர்ந்து தாங்கலாம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான தொழிலாளர் நல நிதி போன்ற கூட்டுப் பங்களிப்பு முறை அதற்கு முன்மாதிரி. ஆசிரியரைப் பொறுத்தவரை, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் ஈடான விடுப்பு தர வேண்டும். மாலை வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு மாலை ஐந்து முதல் ஏழு வரையிலான பொழுதைக் கல்விக்கு உரியதாக்கிக் காட்டியது. மேலும், 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்ட பன்னிரண்டு மணி வேலைச் சட்டமுன்வடிவைத் தொழிலாளர் பிரச்சினையாக மட்டுமே விவாதித்தோம். வேலை நேரத்தைத் தொடும் எந்தச் சட்டமும் தொடக்கக் கல்விச் சட்டமும் ஆகும் என்ற பார்வை அந்த விவாதத்தில் வலுப்பெறவில்லை.

இவ்வாதத்திலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. இவ்வட்டாரத்தில் மேலாண்மைக் குழுக் கூட்டமும் பெற்றோர் கூட்டமும் ஞாயிறு அல்லது பணி முடிந்த மாலையில் நடக்க வேண்டும். வேலை நாளில் நடந்தால் அந்நேரக் கூலி பெற்றோருக்குக் கிடைக்க ஏற்பாடு வேண்டும். வீட்டில் பெரியவர் துணையின்றி பிள்ளை தானே செய்யக்கூடியதாக வீட்டுப்பாடம் அமைய வேண்டும். மாதம் எதுவானாலும், சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேர்க்கை உண்டு என்ற அறிவிப்பு தமிழிலும் புலம்பெயர்ந்தோர் மொழிகளிலும் பள்ளி வாயிலில் இருக்க வேண்டும். பள்ளி விட்டபின் ஷிப்ட் முடியும்வரை பிள்ளைகள் இருக்க ஒரு மாலைக்கூடத்தை மாநகராட்சியும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து நடத்த வேண்டும். இவை எதற்கும் புதிய உரிமை தேவையில்லை. இருக்கும் சட்டத்தை அதன் சொற்படி நடத்தினாலே பெரும்பகுதி நிறைவேறும். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த திருப்பூர்ப் பெற்றோர், சட்டம் தம்மிடம் கேட்ட கடமையைச் செய்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது அரசும் உள்ளாட்சியும் பனியன் தொழிலும் செய்ய வேண்டியது.