ஒட்டவைப்பதா, உருக்குவதா?



உலோகத்தை அச்சடிப்பதை நேற்று வந்த புதுமை போலப் பேசுகிறார்கள். அது முப்பது வருஷக் கதை.

1980களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கார்ல் டெக்கார்டு, பொடியைப் பரப்பி, லேசரால் சூடாக்கி, அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் வழியைக் கண்டார். துணை நின்ற ஆசிரியர் ஜோ பீமன். (ஆசிரியர் பெயரை விட எனக்கு மனம் வராது!) உலோகத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். சீக்கிரம் உருகும் வேறொரு பொருளைக் கலந்து துகள்களை ஒட்டவைத்தார்கள். உள்ளே நுண்ணிய ஓட்டைகள் நின்றன. வடிவம் வந்தது, வலு வரவில்லை.

1995இல் ஜெர்மனியின் ஆகன் நகரில், ஃபிரான்ஹோஃபர் லேசர் ஆய்வகத்தில் வில்ஹெல்ம் மைனர்ஸ், கொன்ராட் விஸ்ஸன்பாக் முதலானோர் வேறு வழி பார்த்தார்கள். கலப்பே வேண்டாம், உலோகப் பொடியையே முழுசாக உருக்கிவிடலாம் என்றார்கள். சொல்ல எளிது. உருகிய உலோகத்தை ஆக்சிஜன் கெடுத்துவிடும். அதனால் ஆர்கான் போன்ற வாயு நிரப்பிய பெட்டிக்குள் வேலை. ஓர் அடுக்கு தலைமுடியைவிட மெலிது. சட்டென ஆறும்போது பொருள் முறுக்கிக்கொள்ளும் என்பதால் அடித்தகட்டோடு முட்டுக்கொடுத்துப் பிடித்துவைக்க வேண்டும். வெல்டிங் தெரிந்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். 1996இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் பறந்தது. அதன் எஞ்சின் ஒரே துண்டாக அச்சடித்தது. ஒட்டவைத்த பொடி அந்த நெருப்பைத் தாங்கியிருக்குமா?

இந்த இயந்திரத்தில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் யாராவது இருந்தால், ஒரு படம் அனுப்புங்கள்.