நிலுவையில் நிற்கும் சொற்கள்

ஒரு மொழியின் மரபுத்தொடர்கள் அம்மொழியினர் நடத்திய வாழ்விலிருந்து முளைப்பவை. கடனையும் காலத்தாழ்வையும் குறிக்கும் தொடர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

பாசிர் ரிஸ் நிலையத்தில் தொடர்வண்டி ஏறும் மாணவன் வேறு வண்டி மாறாமலே ராபிள்ஸ் பிளேசில் இறங்கலாம். அதன் அருகிலுள்ள மார்க்கெட் தெருவை முன்னாளில் தமிழர் ‘செட்டித் தெரு’ என்றே வழங்கினர். நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்குக் கிட்டங்கிகள் அமைத்து வட்டித்தொழில் நடத்தினர். டேங்க் சாலையில் 1859ஆம் ஆண்டு தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியோரும் அவர்களே. கிட்டங்கியின் நீண்ட கூடத்தில் குறுமேசையும் பெட்டியும் முன்வைத்துத் தரையிலமர்ந்து, பேரேட்டைத் தமிழிலேயே எழுதினர். பற்று, வரவு, தவணை, வாயிதா, நிலுவை முதலிய சொற்கள் அங்கு நாள்தோறும் புழங்கின. பின்னாளில் நகரச் சீரமைப்பில் அக்கிட்டங்கிகள் மறைந்தன. அச்சொற்களின் புழக்கமும் குன்றிற்று.

‘நிலுவை’ என்பது ‘நில்’ என்னும் வேரினின்று பிறந்தது. செலுத்தப்படாத பணம் கணக்கில் நிற்கிறது என்பது கருத்து. ஆங்கிலத்தின் ‘அரியர்ஸ்’ என்பதோ, ‘பின்னால்’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்வழி வந்தது. கடனாளி பின்தங்கினான் என்பது அவர்தம் நோக்கு; கடன் தீராது நிற்கிறது என்பது நம் நோக்கு. ‘வாயிதா’ வாக்குறுதியைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழியது. ஆதலின் வாயிதா தவறியவன் நாளோடு சொல்லையும் தவறவிட்டவனாகிறான்.

பேரேட்டில் நட்டத்தைச் சிவப்பு மையால் குறித்த வழக்கமே ‘இன் தி ரெட்’ என்னும் தொடரைத் தந்தது. அதனைச் ‘சிவப்பில் இருக்கிறான்’ எனப் பெயர்த்தால் பொருள் விளங்காது. ‘கையைக் கடிக்கிறது’ என்றால் உடனே விளங்கும். ‘மிஸ் தி போட்’ என்பதைப் ‘படகைத் தவறவிட்டான்’ என எழுதினால் மாணவன் துறைமுகத்தைத் தேடுவான். காலங்கடந்த முயற்சியைச் சுட்டக் ‘கண்கெட்ட பின் சூரிய வணக்கம்’ நம்மிடம் உண்டு.

இருமொழியும் ஒன்றுபடும் இடமும் உண்டு. செலுத்த வேண்டியதைக் குறிக்கும் ‘டியூ’ என்னும் சொல்லிலிருந்தே கடமையைக் குறிக்கும் ‘டியூட்டி’ பிறந்தது. தமிழிலும் ‘கடன்’ அவ்விரு பொருளும் தரும். காலைக்கடன், நீத்தார் கடன், நன்றிக்கடன் என்பவற்றில் வட்டியும் இல்லை, வாயிதாவும் இல்லை. செய்தே தீரவேண்டிய கடமையே உண்டு.

மரபுத்தொடர் கற்பிக்கும் ஆசிரியர் அதன் பொருளோடு பிறப்பையும் கூறுதல் வேண்டும். இன்றேல் சொல் மாணவன் ஏட்டில் ஏறும். பொருளோ நிலுவையிலேயே நிற்கும்.